ஓடைத் தவளைக்கு நான் ஒட்டிய லேபிள்

தாராவி,
ஜூலை மாதம், சனிக்கிழமை, விடாத மழை.

ஐயா,

எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். உன் அம்மா சுகம். எனக்கும் காய்ச்சல், இருமல் ஒன்றுமில்லை. இருந்தாலும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ தமிழில் கடிதம் படித்துப் பல வருஷம் ஆகியிருக்கும். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்த தமிழ் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று நம்பித்தான் எழுதுகிறேன். மெதுவாகப் படி, ஒரு வரியையும் தாண்டிப் போகாதே. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதக் கடைசியில் நீ கொடுக்கப் போகிற தீசிஸில் நாலாவது அத்தியாயம் தப்பு. தப்பு என்னுடையது. ஆனால் அந்த அத்தியாயத்தை எடுக்க வேண்டியவன் நீ.

மாட்டுங்காவில் நண்பர்களோடு அறை எடுத்து இருக்கிறவனுக்கு, நடந்தே வந்து சொல்லிவிடுகிற தூரத்தில் இருக்கிற அப்பன் எதற்குத் தபால் போடுகிறான் என்று கேட்பாய். நேரில் சொன்னால் "விடுங்கப்பா, பாத்துக்கிடலாம்" என்பாய். இத்தனை வருஷம் காலேஜில் லேப் அட்டெண்டராக இருந்து, "சரி சார், சரி சார்" என்று எல்லாவற்றையும் விட்டுப் பழகியவன் நான். இதையும் விட்டுவிடுவேன். எழுதித் தபாலில் போட்டுவிட்டால் திரும்ப வாங்க முடியாதல்லவா? அதற்காகத்தான்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கிங்ஸ் சர்க்கிளுக்கு வரச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? ஓட்டலில் ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்து, எனக்கு ரவா தோசையும் காபியும் சொல்லிவிட்டு, பையிலிருந்து டைப் அடித்த தாள்களை எடுத்தாய். இங்கிலீஷை நீயே தமிழாக்கிச் சொன்னாய். ஊர்த் தவளை குளத்தில் முட்டையிடும், அதிலிருந்து வாலோடு தலைப்பிரட்டை வரும், தலைப்பிரட்டை தண்ணீரில் வளர்ந்து தவளையாகும், இது பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. மலைக்காட்டில் சில தவளைகளுக்குத் தலைப்பிரட்டையே கிடையாது, முட்டைக்குள்ளேயே நாலு காலும் முளைத்து, அரிசி அளவில் குட்டித் தவளையாகவே வெளியே வரும் என்றாய். அப்புறம் உன் கண்டுபிடிப்புக்கு வந்தாய். காட்டு ஓடைக்கரையில் ஒரு சின்னத் தவளை, செடிகளில் ஒரு சின்னத் தவளை. பழைய புத்தகக்காரர்கள் கையையும் காலையும் எலும்பையும் பார்த்து இது தலைப்பிரட்டை உள்ள ஓடை வம்சம், அது தலைப்பிரட்டை இல்லாத செடி வம்சம் என்று பிரித்திருந்தார்கள். பிள்ளை வளர்கிற விதத்தைப் பார்த்தால் இரண்டும் வீடு மாறி நிற்கின்றன, ஓடைத் தவளைக்குத் தலைப்பிரட்டை இல்லை, செடித் தவளைக்கு இருக்கிறது, ஆகவே யாருக்கு யார் பங்காளி என்பதையே மாற்றி எழுத வேண்டும் என்றாய். நான் தோசைத் தட்டைத் தள்ளி வைத்தேன். நீ அதைக் கவனிக்காமல் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய்:

"அந்த ரெண்டு முட்டை டியூப் மட்டும் இல்லன்னா எனக்கு இந்தச் சாப்டரே கிடையாதுப்பா. லேபிள்ல இருக்கது உங்க கையெழுத்து."

என் கையெழுத்துத்தான். அது எப்படி வந்தது என்று கேள்.

உனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, மழைக்காலத்தில், எங்கள் பழைய புரபசர் கண்டாலாவுக்கு அப்பால் இருக்கிற காட்டுக்கு ஒரு வாரம் போனார். இரண்டு மாணவர்களும், பெட்டி தூக்க நானும் கூடப் போனோம். அவருக்குப் பாம்புதான் உயிர். தவளை என்றால் பாம்பின் சாப்பாடு, அவ்வளவுதான் அவர் மரியாதை. மாணவர்கள் முட்டையும் தவளையும் சேர்ந்து கிடப்பதைக் கண்டால் தகரத்தில் போட்டு எடுத்து வருவார்கள். நான் தவளையைப் பாட்டிலிலும் முட்டையை டியூபிலும் பிரித்து, ஸ்பிரிட் ஊற்றி, நம்பர் எழுதிய தாளை உள்ளே போட்டு மூடுவேன். எந்த முட்டை எந்தத் தவளையுடையது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. திரும்பி வந்தபின் தாளைப் பார்த்து ரெஜிஸ்டரில் ஏற்றுவதுதான் எங்கள் வழக்கம். உள்ளே போடுகிற தாளில் இண்டியன் இங்க்கால் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பென்சிலால். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லித்தந்த பாடம் அது.

இண்டியன் இங்க் பாட்டில் அந்த வாரம் லேபில் இல்லை. நம் வீட்டில் இருந்தது. பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்கு நீ ஒரு படம் வரைந்துகொண்டிருந்தாய், மை பளபளவென்று இருக்க வேண்டும் என்று அழுதாய். நான்தான் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். திருடினேன் என்று எழுதினால்தான் சரி. உன்மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே, கேட்டது பிள்ளை, எடுத்தது அப்பன். காட்டில் பென்சில் இருந்தது. ஆனால் என் கையெழுத்தைப் புரபசர் ஒருமுறை பாராட்டியிருந்தார், பென்சிலில் எழுதினால் அழகாக விழாது. அந்த வீண் பெருமைக்காக என் பேனாவால் எழுதினேன். மழைக்குளிரில் தாள் ஈரமாயிருந்தது, ஒரு வாரத்தில் என்ன கரைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஊர் திரும்பியதும் புரபசர் நிமோனியாவில் படுத்துவிட்டார். மாணவர்கள் பரீட்சைக்குப் போய்விட்டார்கள். மூன்று வாரம் கழித்து நான் பெட்டியைத் திறந்தபோது ஸ்பிரிட் இளநீலமாக இருந்தது, தாள்கள் வெள்ளையாக இருந்தன. பாட்டில்களுக்கு வெளியிலும் அடையாளம் இருந்ததால் தவளைகள் தப்பித்தன. முட்டை டியூப் இரண்டும் அநாதையாகிவிட்டன. ஒன்றில் வால் முளைத்த குஞ்சுகள், கூடவே ஒரு இலைத்துண்டு ஒட்டியிருந்தது. மற்றதில் கால் முளைத்தவை, அடியில் மண். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "தெரியவில்லை" என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அப்படி எழுதினால் முதலில் எந்த மையில் எழுதினாய் என்று கேள்வி வரும், இண்டியன் இங்க் பாட்டில் எங்கே என்று கேள்வி வரும். வேலை போனால் ஊருக்குத்தான் போக வேண்டும். அதனால் புத்திசாலி மாதிரி யோசித்தேன். இலை ஒட்டியிருக்கிறது, அது செடித் தவளையின் முட்டை. மண் ஒட்டியிருக்கிறது, அது கரையில் கிடக்கிற ஓடைத் தவளையின் முட்டை. புது இங்க் பாட்டில் வாங்கி வந்து, நல்ல கையெழுத்தில் நம்பர் எழுதி உள்ளே போட்டு, வெளியிலும் ஒட்டினேன். ரெஜிஸ்டரில் ஏற்றினேன். புரபசர் எழுந்து வந்து, பாம்புப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவரும் ஓய்வு பெற்று, சில வருஷத்தில் காலமாகிவிட்டார்.

இதுவரை சொன்னதை நீ மன்னித்துவிடலாம். இனிமேல் சொல்வதுதான் எனக்கே மன்னிக்க முடியாதது. மூன்று வருஷம் முன்னால், பம்பாயில் டிராம் ஓட்டம் நின்ற வருஷம், நீ எங்கள் லேபிலேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாய். தவளையைத்தான் எடுத்துக்கொண்டாய். அடுத்த ஜூனில் நீ காட்டுக்குப் போகப் புறப்பட்டாய், பையெல்லாம் கட்டிவிட்டாய். நான் என்ன சொன்னேன்? "மழையில என்னத்தப் பாக்கப் போறலே? பாம்புக்குக் காலைக் குடுக்கவா? பாட்டில்ல எல்லாம் இருக்கு, உக்காந்து எழுது" என்றேன். அப்பனுக்குப் பிள்ளைமேல் இத்தனை கரிசனமா என்று உன் அம்மாகூட ஆச்சரியப்பட்டாள். கரிசனமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, பயம். நீ காட்டில் போய்ப் பார்த்தால் என் லேபிள் தப்பென்று தெரிந்துவிடுமே என்ற பயம். போன வருஷமும் அதையே சொன்னேன். நீ என் பேச்சைக் கேட்டாய். உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து வந்தபின் மூன்று நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஊகித்து ஒட்டியது சரியாகவும் இருக்கலாமே, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே என்று. அப்புறம் தோன்றியது, என் மகன் மூன்று வருஷம் உழைத்தது பூவா தலையா போட்டுப் பார்க்கிற விஷயமா? கோவண்டியில் நம் சொக்கலிங்கம் இருக்கிறாரே, அவர் மச்சான் கண்டாலா பக்கம் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன். அவர் குவார்ட்டர்ஸில் தங்க இடம் கேட்டுவிட்டு, ஜூன் பத்தாம் தேதியிலிருந்து பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். உன்னிடம் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னது பொய். தவளை பார்க்க வந்த மத்ராசி என்று கேங் ஆட்கள் எல்லாம் என்னைக் கேலி செய்தார்கள். ஐம்பத்தேழு வயதில், கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, ஓடைக்கரையில் உட்கார்ந்தேன்.

நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். அப்பன் மகனுக்கு எழுதுகிற விஷயமா இது என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். பொழுது சாயும்போது ஓடைத் தவளையில் ஆண், ஓடைக்கு மேலே தொங்குகிற இலையில் ஏறி உட்கார்ந்து கூப்பிடுகிறது. தண்ணீருக்குப் பக்கத்திலேயே கிடக்கிற பிராணி, முட்டையிட மட்டும் மேலே ஏறுகிறது ஐயா. பெண் வருகிறது. ஆண் அதன் முதுகுமேல் ஏறுகிறது, ஆனால் நம் ஊர்க் குளத்துத் தவளை மாதிரி இறுக்கிப் பிடிப்பதில்லை, கை இரண்டையும் இலையில் ஊன்றிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் இறங்கித் தள்ளி உட்கார்ந்துவிடுகிறது. அதற்கப்புறம்தான் பெண் முட்டையிடுகிறது. பிறகு பெண் போய்விடுகிறது, ஆண் முட்டைக்குப் பக்கத்திலேயே காவல் இருக்கிறது. முன்னாலேயே இட்ட முட்டைகளும் பக்கத்து இலைகளில் இருந்தன. அவற்றுக்குள் வால் துடித்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் கனத்த மழையில் அந்த வால்கள் ஒவ்வொன்றாக ஓடையில் சொட்டின. வால், ஐயா. தலைப்பிரட்டைதான். நான் இலைத்துண்டோடு செடித் தவளைக்குக் கொடுத்தேனே, அதே வால்.

செடித் தவளையை ஒரு விடியற்காலையில் பார்த்தேன். செடியை விட்டு இறங்கி வந்து, சருகை விலக்கி, ஈர மண்ணைக் குடைந்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போனது. தண்ணீர்க்காரன் மேலே ஏறுகிறான், செடிக்காரி மண்ணுக்கு இறங்குகிறாள். நான் ஒட்டியது தலைகீழ். அந்த மண்ணோடு பத்துப் பன்னிரண்டு முட்டைகளைத் தகர டப்பாவில் அள்ளி, பாசியால் மூடி, ரயிலில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் நாள் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்து, இறக்கி வைக்காமலே கேட்டாள்:

"பெத்த பிள்ள பொழப்புல மண்ணள்ளிப் போடுதியளே, இது உங்களுக்கே நல்லாருக்கா?"

அவளைக் குறை சொல்ல முடியாது. நம் சால் வரிசை வீடுகள் முழுக்க, தோல் கிடங்குவரை, என் மகன் டாக்டராகப் போகிறான், ஊசி போடாத டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஆகஸ்டில் உனக்கு லெக்சரர் வேலைக்கு இன்டர்வியூ, உன் கைடு அந்த நாலாவது அத்தியாயத்தைத்தான் எல்லோரிடமும் புகழ்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். யாருக்கும் தெரியாத விஷயத்தை நீங்களாக ஏன் கிளறுகிறீர்கள், தவளை வந்து கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறதா என்று கேட்டாள். ஆனால் டப்பாவிலிருந்த பாசி காயாமல் தினமும் தண்ணீர் தெளித்தது அவள்தான். போன வியாழக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். டப்பாவில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று மண்மேல் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு. நாலு கால், குட்டிக் கண். "வாலே இல்லையே" என்றாள். அதற்கப்புறம் அவள் சண்டை போடவில்லை.

ஐயா, நீ இப்போது என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு அத்தியாயத்தை எவன் சரிபார்க்கப் போகிறான், பட்டத்தை வாங்கிவிட்டு அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, புது இங்க் பாட்டில் வாங்கிய அன்று. அப்புறம் என்று நினைத்து வைத்தது பதிமூன்று வருஷம் ஆகிவிட்டது. அப்புறம் என்பது வராது ஐயா. வேலை கிடைத்தபின் வேலை போய்விடுமே என்றிருக்கும், கல்யாணம் ஆனபின் பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்றிருக்கும். உன் மாணவன் ஒருவன் உன் புத்தகத்தைப் பார்த்து எழுதுவான், அவன் காட்டுக்குப் புறப்படும்போது மழையில் எங்கே போகிறாய் என்று நீயும் கேட்பாய். நான் கேட்ட மாதிரியே கேட்பாய். அந்த வாய் உனக்கு வரக் கூடாது.

நஷ்டம் என்ன என்பதை மறைக்கவில்லை. ஆகஸ்ட் வேலை போகும். தீசிஸ் ஒரு வருஷம் தள்ளும், உன் கைடு கத்துவார். வம்சத்தை மாற்றி எழுதிய பெரிய பெயர் உனக்குக் கிடைக்காது, பழைய புத்தகக்காரர்கள் சொன்னதே சரி என்று எழுத வேண்டியிருக்கும். என் விஷயம் என்ன ஆகும் என்று கவலைப்படாதே, ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் இருக்கிறது, மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். ஆனால் ஒன்று கேட்டுக்கொள். அந்த ஆண் தவளை இறுக்கிப் பிடிக்காமல் இலையில் கை ஊன்றியிருப்பதை நீ எனக்குப் படித்துக் காட்டிய எதிலும் நான் கேட்டதில்லை. எவனும் பார்க்கவில்லையோ, பார்த்தும் எழுதவில்லையோ, எனக்குத் தெரியாது. இன்னும் மழை இருக்கிறது. கேங்மேன் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நீ போய் உன் கண்ணால் பார். அப்பா பார்த்தார் என்று எழுதிவிடாதே. என் பேச்சை நம்பி நீ எழுதியது ஒருமுறை போதும்.

கடைசியாக, எடுத்துவிட்ட முடிவைச் சொல்கிறேன், இதில் இனிப் பேச ஒன்றுமில்லை. இந்தக் கடிதம் திங்கட்கிழமை உன் கையில் இருக்கும். டப்பாவும், ஓடையில் சொட்டிய வால்களை ஸ்பிரிட்டில் போட்டு நான் கொண்டுவந்த டியூப்களும் வீட்டில் தகரப் பெட்டிமேல் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள். வரும் புதன்கிழமை பதினோரு மணிக்கு நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு உன் கைடு அறைக்குப் போய், இங்க் பாட்டில் முதற்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நீ தடுத்தாலும் போவேன், உன் அம்மா வாசலில் குறுக்கே படுத்தாலும் தாண்டிப் போவேன். என் வாயிலிருந்து முதலில் போனால், அட்டெண்டரின் திருட்டால் மகன் மாட்டிக்கொண்டான் என்றுதான் பேசுவார்கள். உன் வாயிலிருந்து முதலில் போனால், ஆராய்ச்சி செய்கிறவன் தன் தப்பைத் தானே கண்டுபிடித்தான் என்பார்கள். உனக்கு இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை முழுசாக இருக்கிறது. புதன்கிழமை நான் அந்தக் கதவைத் தட்டி வாயைத் திறக்கும்போது, "உன் மகன் நேற்றே வந்து சொல்லிவிட்டான், நீ போய் உன் வேலையைப் பார்" என்று அவர் என்னை விரட்ட வேண்டும். அந்த விரட்டலை வாங்கத்தான் நான் போகிறேன்.

உன் அப்பா